கரண்ட் இல்லாத காட்டில் எலக்ட்ரிக் சைக்கிள்

ஒரு பொருளை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அது முழுசாகத் திரும்பி வருமா என்று வழியைப் பார்த்து நின்றவர்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் தினமும் வயிற்றில் புளி கரையும். நான் வாடகைக்கு விடுவது மலைப்பாதையில் ஏறும் எலக்ட்ரிக் சைக்கிள். எடுப்பவர்கள் வேட்டைக்காரர்கள். அப்படியென்றால் என் வயிற்றைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனி வேலை போன பிறகு, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் பக்கத்துத் தெருக்காரரான கோபிச்செட்டிபாளையத்து முருகேசண்ணாவோடு சேர்ந்து இதை ஆரம்பித்தேன். டெக்சாஸின் மலைப்பக்கம், வேட்டைக்கென்றே குத்தகைக்கு விடும் பெரிய பண்ணை. கரண்ட் லைன் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. சோலார் பேனல், சின்ன ஜெனரேட்டர், மாற்று பேட்டரிகள் என்று எல்லாவற்றையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய், சீசன் முழுக்க அங்கேயே கூடாரம் போட்டுவிடுவோம். யாருக்காவது சார்ஜ் தீர்ந்தால் நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சத்தம் போடாத வண்டி

பெட்ரோல் வாசனை இல்லை, சத்தமும் இல்லை, மிருகத்துக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இந்த வண்டியின் பெருமை. அந்தப் பெருமை என்னவென்று ஒரு காலையில் எனக்குப் புரிந்தது. ஒருவருக்கு மாற்று பேட்டரி கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். சீடர் மரங்களுக்கு நடுவே ஒரு திருப்பம். திரும்பினால் காட்டுப்பன்றிக் கூட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறேன். ஒரு பக்கம் குட்டிகள், இன்னொரு பக்கம் தாய். எனக்கு அது இருப்பது தெரியவில்லை, அதற்கு நான் வருவதும் தெரியவில்லை.

அது ஒரு உறுமல் உறுமிக்கொண்டு நேராக ஓடி வந்தது. வண்டியைக் குறுக்கே தள்ளிவிட்டுப் பக்கத்து ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்துத் தொங்கினேன். கீழே வண்டியை அது முட்டுகிற முட்டில் என் பல் கிடுகிடுத்தது. கால் வழுக்குகிறது, மேலே ஏறவும் முடியவில்லை. குட்டிகள் எல்லாம் புதருக்குள் போன பிறகுதான் தாயும் போனது. தேடிக்கொண்டு வந்த முருகேசண்ணா மரத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, வண்டிக்கு ஒரு மணி கட்டலாம்னு நான் அன்னைக்கே சொன்னனுங்களே?"

பேனலுக்குக் கீழே

வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து, பேனல்களைத் தரையிலேயே சாய்த்து வைப்போம். லிண்டா என்று ஒரு வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற நர்ஸ், தன் பேட்டரி ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒயரைக் கழற்றக் குனிந்து பேனலுக்கு அடியில் கையை விட்டேன். காய்ந்த விதைகளை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். என் விரலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். கிலுகிலுப்பைப் பாம்பு, வாலைக் குலுக்கி எச்சரிக்கும் விஷப்பாம்பு; சுருண்டு தலையைத் தூக்கி வைத்திருந்தது.

"அசையாதே" என்றார் லிண்டா, மெதுவாக. அசைய என்னிடம் என்ன இருக்கிறது? மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து, சொட்டினால் பாம்புக்குக் கோபம் வருமோ என்று வேறு பயம். அவர் நீளமான கொம்பு ஒன்றைத் தேடி எடுத்து, பேனலின் அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்கினார். வெயில் பட்டதும் பாம்பு யோசித்தது. பிறகு அவிழ்ந்து, கல்லிடுக்குப் பக்கம் நகர்ந்து போனது. லிண்டா ஒயரைத் தானே கழற்றிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார்:

"அதுக்கும் நிழல் வேணும்தானே ஹனி, இந்தக் காட்டிலேயே நல்ல நிழல் நீ போட்டதுதான்."

துடைத்துவிட்டுப் போட்ட சார்ஜ்

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து வந்திருந்த கார்த்திக், ஓடையைக் கடக்கும்போது வண்டியோடு தண்ணீரில் விழுந்தார். அதை எங்களிடம் சொல்லாமல், வேட்டைக்காரர்கள் தங்கும் மரக் கேபினுக்குள், எங்கள் ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒயரில் நனைந்த பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சமைக்க உட்கார்ந்துவிட்டார். ஜெனரேட்டரைப் பார்க்கப் போன எனக்கு நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை அடித்தது. கதவைத் திறந்தால் பேட்டரி உப்பிக்கொண்டு "ஸ்ஸ்" என்கிறது. அதற்குப் பக்கத்திலேயே தோட்டாப் பெட்டி.

கார்த்திக்கை வெளியே தள்ளிவிட்டு ஜெனரேட்டரை அணைத்தேன். என் சத்தம் கேட்டு வந்த முருகேசண்ணா தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் நீளக் கைப்பிடி மண்வெட்டியால் பேட்டரியை இழுத்து, வாசல் தாண்டி, ஓடைக்கரைச் சரளைக்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். மழை பார்க்காத புல், சுற்றிலும் வைக்கோலாக நிற்கிறது. விட்டுவிட்டு ஓடிவந்து திரும்பினால், ஆள் உயரத்துக்கு நெருப்பு. ஒரு பொறி புல்லில் விழுந்திருந்தால் எங்கள் மூவரையும் சேர்த்து அந்த மலையே போயிருக்கும். எல்லாம் எரிந்து அடங்கும் வரை ஈரச் சாக்குகளோடு நின்றோம். கார்த்திக்கின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ப்ரோ, சத்தியமா டவல்ல நல்லா டிரை பண்ணிட்டுதான் சார்ஜ் போட்டேன்."

டாக்டர் வரவில்லை

கேட்டியில் எல்லோருக்கும் தெரிந்த டாக்டர் ஒருவர். நாங்கள் அங்கிள் என்போம். வேட்டைக்கு வந்தவர், மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லி, துப்பாக்கியோடு எங்கள் வண்டியில் தனியாகப் போனார். மதியத்துக்கு மேல் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. காலையில் சட்டையோடு நின்ற இடத்தில் பனித்தூறல் முகத்தில் குத்தியது. அங்கிள் வரவில்லை. முருகேசண்ணா சிக்னல் கிடைக்கும் ஹைவேவரை போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிளம்பினார். சுட்ட மானை ஏற்றும் சின்ன டிரெய்லரை என் சைக்கிளில் மாட்டி, மாற்று பேட்டரியையும் போட்டுக்கொண்டு, அங்கிளின் டயர் தடத்தைப் பிடித்து நான் போனேன்.

குளிரில் பேட்டரிக்கு உயிர் குறையும். ஏற ஏற, திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கோ பக்கத்தில் துப்பாக்கி வெடித்தது. புதர் அசைந்தால் மான் என்று நினைத்து யாரும் சுடலாம் என்பதால், "மனுஷன் வர்றேன், மனுஷன் வர்றேன்" என்று கத்திக்கொண்டே போனேன். தமிழில் கத்துகிறேன் என்பதே உறைக்கவில்லை. பதிலுக்கு ஒரு சரிவுக்குக் கீழேயிருந்து, "இங்க, இங்க" என்று தமிழிலேயே குரல் வந்தது.

வண்டிக்கு அடியில் கால் மாட்டி, கணுக்கால் திரும்பிக் கிடந்தார். உதடு நீலம். வண்டியைத் தூக்கி, அவரை டிரெய்லரில் ஏற்றி, என் கோட்டைப் போர்த்தினேன். என் வண்டி செத்திருந்தது. மாற்று பேட்டரியைப் போட்டால் திரை எரியவே இல்லை. அதுவும் உறைந்திருந்தது. சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கிள் பேச்சு குழறத் தொடங்கியது. தூங்காதீங்க அங்கிள், தூங்காதீங்க என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவருடைய மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. மறுபடி பேட்டரியை மாட்டி பட்டனை அழுத்தினேன். திரை எரிந்தது. அப்போது அழுதேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவரை இழுத்துக்கொண்டு இறங்கியபோது, பண்ணையின் வாசல் கேட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அங்கிள் என் கையைப் பிடித்து அருகில் இழுத்தார்.

"காலு போனாக்கூடப் பரவால்ல தம்பி, வீட்ல பறவை பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், நீங்க எதையும் சொல்லிடாதீங்க."

காட்டுக்கு வருகிறவர் யாருமே பயப்படுவதாகத் தெரியவில்லை. வண்டி வாடகையோடு அவர்களுக்காகப் பயப்படுகிற வேலையையும் சேர்த்துத்தான் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.