அந்தோனியார் கழுத்தில் கிடந்த கப்பல்

காலை பத்தேகால் மணிக்கு எல்லாமே பிழையாகத் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சியைப் பார்வையிட வந்த மாதா கோயில் பங்குச் சுவாமி, என் மேசைக்கு முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தேகாலாச்சு, இதோட முடிப்பம்" என்று சொல்லிக்கொண்டே மெடலைக் கையில் எடுத்தார்.

அந்த மெடல் அதுவரை எங்கள் வீட்டு அந்தோனியாரின் மரச் சுருவத்தின் கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கியது. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராசாவின் தலை. மறுபக்கம் அலையில் ஏறுகிற ஒரு கப்பல், அதற்குக் கீழே முதலாம் உலக யுத்தத்தின் ஆண்டுகள். அப்பப்பா யுத்தக் கப்பலில் வேலை செய்து வாங்கியது அது என்று பெரியப்பா வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வார். முதலில் ஆயுதத்தோடு வந்த இயக்கப் பெடியளுக்குச் சொன்னாராம், பிறகு வீடு சோதிக்க வந்த ஆமிக்காரருக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல அலை பெரிதாகும். ஒருமுறை கப்பல் கடலுக்குள் தாண்டே போய்விட்டது. அப்பப்பா நீந்தி வந்தார்.

நாங்கள் இந்தியாவில் அகதிமுகாமில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, மன்னார்த் தீவில் பெரியப்பா வீட்டில் ஒதுங்கியிருந்த காலம் அது. அப்பா சவூதியில். 'எங்கள் குடும்பத்துப் பழம்பொருள் ஒன்று' என்று ரீச்சர் கேட்டபோது எனக்கு வேறு என்ன தோன்றும்? பெரியப்பா தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தார், பெரியம்மா சந்தைக்கு. அம்மாதான் மெடலைக் கழற்றித் தந்தார்.

விளிம்பு முழுக்க மெழுகு பிடித்திருந்தது. சுருவத்துக்கு முன்னால் எரிகிற மெழுகுதிரியின் வேலை என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். மெழுகு கழன்று, நெருக்கமான இங்கிலீசு எழுத்துகள் தெரிந்தன. வாசிக்கத் தெரியாவிட்டாலும் பார்க்க நன்றாக இருந்தது. விளக்கம் எழுதுவதற்காக அலுமாரியிலிருந்து அப்பப்பா செத்தபோது அச்சடித்த நினைவு அட்டையை எடுத்துப் பிறந்த ஆண்டைப் பார்த்தேன். கணக்குப்படி யுத்தம் முடிந்தபோது அவருக்கு இரண்டு வயது. அச்சுப்பிழை என்று முடிவுசெய்து, அட்டையையும் மெடலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

சுவாமி விளிம்பிலிருந்த பெயரை உரத்து வாசித்தார். மரைக்கார் என்று முடிகிற முஸ்லிம் பெயர்.

மண்டபத்தில் நின்றவர்கள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "இது எருக்கலம்பிட்டிச் சாமானெல்லோ? அந்த முஸ்லிம் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கையோட அங்க கதவு நிலைகூட மிஞ்சேல்ல. மெடல் மட்டும் இஞ்ச நடந்து வந்ததோ?"

"அந்தோனியார் துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்தானே!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பா கோயில் மூப்பர். திருநாளுக்கு மாதாவுக்குச் சாத்துகிற நகைப்பெட்டியைப் பூட்டுகிற திறப்பு அவர் இடுப்பில்தான் இருக்கும். அன்று பின்னேரம் சுவாமி வீட்டுக்கு வந்தார். கோயிலில் இருந்த ஞானஸ்நானப் பதிவையும் பார்த்துவிட்டே வந்திருந்தார். அட்டையில் இருந்த ஆண்டு அச்சுப்பிழை இல்லை.

"ரெண்டு வயசில என்ன கப்பல் ஓட்டினவர் உங்கட அப்பா?"

"அது அப்பான்ரதான், சுவாமி."

"ஆர் தந்ததெண்டு சொன்னால் போதும். நான் சனத்துக்குச் சொல்லுறன்."

பெரியப்பா திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. பேசாதவர் களவெடுத்தவர் என்பதுதான் எனக்கு அப்போது தெரிந்த சட்டம். இரண்டு நாள் அவர் பக்கத்தில் இருந்து நான் சாப்பிடவில்லை.

இத்தனை வருடம் கழித்து, போனகிழமை என் மகன் 'குடும்ப மரம்' வரைய வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பழைய படங்களைக் கேட்டான். ஒவ்வொரு படத்தையும் பின்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் கொடுத்தேன். "அம்மா, என்ன தேடுறீங்கள்?" என்று கேட்டான்.

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு பெரியம்மாதான் முதலில் பொறுமை இழந்தார். தன் கலியாண அல்பத்தை அம்மாவின் மடியில் விரித்துவைத்து, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும் பெரியப்பாவின் தோளில் கைபோட்டிருந்த, தொப்பி போட்ட மனிதரைத் தொட்டுக் காட்டினார். "மெடலில இருக்கிறது இந்தத் தொப்பிக்காரரின்ர மூத்தவாப்பா, அவற்ற அப்பப்பான்ர பேர். ரெண்டுபேரும் ஒரே வள்ளத்தில தொழில் செய்தவை. வாய் துறக்கக் கூடாதெண்டு இந்த மனிசன் என்னட்டச் சத்தியம் வாங்கினது. சத்தியமாவது மண்ணாவது!" வெளியேறிய சனம் ஒதுங்கியிருந்த கற்பிட்டிக்குப் போகிற படகுக்காரர் ஒருவரிடம் அன்றே சொல்லியனுப்பினார்.

திருநாளுக்குக் கொடியேறிய பிறகு, ஒரு மத்தியானம் அந்தத் தொப்பிக்காரர் வந்தார். படத்தில் இருந்ததைவிடப் பாதியாகியிருந்தார். விசயம் தெரிந்து சுவாமியும் அயலவர்களும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பாவைக் கண்டதும் வந்தவர் முதலில் சிரித்தார்.

"டேய் மச்சான், பால்குடி மறவாத மனிசனைக் கப்பலேத்திப்போட்டியேடா!"

பெரியப்பாவும் சிரித்தார். பிறகு வந்தவர் சுவாமி பக்கம் திரும்பினார்.

"நான் குடுத்ததுதான், சுவாமி" என்றார் வந்தவர். "இயக்கம் எங்களை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லேக்க சாமான் கொண்டுபோக விடேல்ல. எங்கட பொருளை வைச்சிருக்கிற ஆக்களையும் விடமாட்டினம் எண்டு கதை. சுருவத்தின்ர கழுத்தில கிடந்தா ஒருத்தரும் கைவைக்க மாட்டினம் எண்டு சொன்னதும் நான்தான். பேருக்கு மேல மெழுகை ஊத்தினது இவன்."

சுவாமி தான் கொண்டுபோயிருந்த திறப்பைப் பெரியப்பாவின் கையில் வைத்தார். பெரியப்பா மெடலை இரண்டு கைகளாலும் நீட்டினார். வந்தவர் வாங்கி, விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டு, என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் வைத்தார்.

மெடலின் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார், இனிப் பொய் தேவையில்லை என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் விட்டுப்போன எருக்கலம்பிட்டி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அவ்வளவு கிட்ட வந்து நின்ற மனிதர் பிறகு ஏன் இப்படிச் சொன்னார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

"நாங்கள் இன்னும் வீட்டுக்கு வரேல்ல, மகள்" என்றார். "வந்து சேருமட்டும் இது உன்ர அப்பப்பான்ர மெடல்தான். ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு."