எண்ணெய் டின்னும் எங்கள் வேனும்

எங்கள் வேன் ஓடும்போது நன்றாகத்தான் ஓடும். நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதுதான் அதன் குணம். என் வீட்டுக்காரருக்கும் அதே குணம் என்பதால் முதலில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தோம். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தையல் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போவார் அவர். பின்னால் பன்னிரண்டு பேர். முன்சீட்டில் நானும் என் இட்லிக் குண்டானும். கம்பெனி கேட்டுக்கு எதிரே இட்லி விற்றுவிட்டு நான் பஸ்ஸில் திரும்புவேன். எட்டரை மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வாட்ச்மேன் திறக்க மாட்டார். அன்றைக்கு அந்தப் பெண்களுக்கு வேலை இல்லை. எனக்கும் வியாபாரம் இல்லை. கேட்டுக்கு வெளியே நிற்கிற பெண்ணுக்கு இட்லி தொண்டையில் இறங்குமா?

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் வேன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது மாப்பிள்ளை மாதிரி கிளம்பும். கேம்ப் ரோடு தாண்டி சேலையூர் வரும்போது இருமும், இழுக்கும், பிறகு மூச்சை விட்டுவிடும். அவர் இறங்குவார். பெட்ரோல் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால், டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடியைத் திருகிவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் தூக்கி இஞ்சினை முறைப்பார். பத்து நிமிஷம் முறைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஓடும்.

"நான் மொறச்சதுல பயந்துடுச்சு" என்பார்.

"அண்ணா, அக்காவையும் இப்டித்தான் மொறப்பியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்பாள்.

"மொறச்சுப் பாக்கட்டும். குண்டான் எந்தத் தலைல கவுறுதுன்னு அப்பால தெரியும்" என்பேன் நான்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். "ஹீட்டு ஏறுதுண்ணா, பெட்ரோல் பம்பு மேல ஈர சாக்கு சுத்து" என்றார். சுற்றினோம். வேன் ஈரச் சாக்கோடு சேலையூரில் நின்றது. "ஐயோ பாவம், ஜுரம்ணா. கஞ்சி குடு" என்றார்கள் பின்சீட்டுப் பெண்கள்.

ஒரு நாள் டேங்க்கை விட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி டியூப் வழியாக நேராக இஞ்சினுக்குக் கொடுத்தார் மெக்கானிக். அரை மணி நேரம் ஷெட்டில் நிற்காமல் ஓடியது.

"இஞ்சின் கல்லு மாதிரி கீதுண்ணா. ரோட்லதான் இன்னாவோ ஆவுது."

"அப்ப ரோட்டை மாத்திடலாமா?" என்றேன்.

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்து, டேங்க்கையே இறக்கிக் கழுவினார். குழாயை ஊதிப் பார்த்தார். எங்கும் அடைப்பு இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. கண்ணாடியில் வைத்தால் அவர் துடைத்துவிடுவார். ஸ்டீயரிங்கில் வைத்தால் கையில் ஒட்டுகிறது என்பார். அதனால் ஆயுத பூஜை அன்றிலிருந்து பெட்ரோல் மூடியில் வைத்தேன். வேனுக்கு அதுதானே வாய்? வேன் நிற்க நிற்க, சந்தனத்தை இன்னும் கெட்டியாகக் குழைத்து அப்பினேன். மெக்கானிக்கும் பக்திமான். டேங்க் கழுவிய அன்றைக்குப் பொட்டு கலையாமல் மூடியைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, சுத்தமான துணிமேல் வைத்து, கழுவி முடிந்ததும் அப்படியே திருகிக் கொடுத்தார்.

அந்த மாதம் இரண்டு முறை கேட்டைத் தவறவிட்டோம். இன்னொரு முறை லேட்டானால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு, அவர்களில் மூத்தவள் மட்டும் நின்றாள்.

"அண்ணா, கோச்சுக்காத. திங்கக்கெழம ஒரு நாள் பாக்கறோம். அன்னிக்கும் நின்னுச்சுன்னா நாங்க பஸ்ஸுல போய்க்கறோம்."

அவர் நேராகக் காயலான் கடைக்குப் போய்விட்டு வந்தார்.

"திங்கக்கெழம சாயங்காலம் வந்து பாக்கறேன்னுருக்கான். வண்டிய இரும்பு வெலைக்குப் போட்டுடலாம். நான் பழையபடி லாரிக்குப் போறேன்."

லாரி என்றால் பம்பாய், கல்கத்தா. மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போகிற பிழைப்பு. கல்யாணமாகி பத்து வருஷம் அப்படித்தான் இருந்தோம். வேன் வந்த பிறகுதான் தினமும் சண்டை போட எனக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தார். அதைக் காயலான் கடைக்காரனிடம் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

"திங்கக்கெழமதான வரான்? நாளைக்கு ஒரு நாள் கீதுல்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது எண்ணெய் டின்னை உடைத்துத் தரச் சொன்னேன். உம்மென்று வந்து, ஆணியை வைத்து ஒரே ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். டின்னைச் சாய்த்தேன். எண்ணெய் கொஞ்சம் வந்தது, குளுக் என்றது, நின்றது.

"யோவ், இன்னொரு ஓட்டைய யாரு உங்கப்பனா வந்து போடுவாரு?" என்று கத்தியபடியே நானே ஆணியை வைத்து எதிர் மூலையில் தட்டினேன். டின் காலியாகும்வரை எண்ணெய் சரசரவென்று இறங்கியது.

டின்னைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும். ஷெட்டில் வைத்த பாட்டிலுக்கு மூடி இல்லை. டேங்குக்கு மூடி உண்டு. வழியில் நின்றபோதெல்லாம் இந்த மனுஷன் குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தார். முறைத்ததால் ஓடவில்லை, திறந்ததால் ஓடியிருக்கிறது!

"வண்டிய எடு" என்றேன்.

"எங்க?"

"பொழிச்சலூர் வரைக்கும். எங்க அக்காவப் பாக்கணும்."

அக்காவைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நம்பி எடுத்தார். சேலையூரில் வழக்கம்போல வேன் நின்றது. குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"மூடிய தொடாத! இன்னிக்கு மொறக்கிறது மட்டும்தான் உன் வேலை. நல்லா மொற."

பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் முறைத்தார். சாவியைத் திருப்பினார். வரவில்லை. இன்னும் பத்து நிமிஷம். அப்போதும் வரவில்லை. "ஏம்மே, பேஜாரு பண்றியா?" என்று இப்போது என்னை முறைத்தார். நான் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், பன்னிரண்டு பேர் பேச்சில் இத்தனை நாள் கேட்காதது. சோடா திறந்தால் காற்று வெளியே வரும். இது உள்ளே இழுத்துக்கொண்டது.

"இப்ப போடு சாவிய."

நாலு சுற்றில் பிடித்துக்கொண்டது. மூடியைத் திருகாமல் சும்மா வைத்து, மேலே துணியால் கட்டினேன். தாம்பரம், பல்லாவரம், பம்மல், எங்கேயும் ஒரு இருமல் இல்லை. பொழிச்சலூரில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியதும் அவருக்கே புரிந்துவிட்டது.

"மூடில பொடிசா ஒரு ஓட்டை இருக்கும்மே, காத்து போறதுக்கு. அது அடச்சுக்குச்சோ? கொண்டா பாக்கலாம்."

துணியை அவிழ்த்து மூடியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தேன். "நீ போய் டீ சொல்லு. நான் பாக்கறேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் நகத்தால் சுரண்டினேன். ஒரு வெள்ளிக்கிழமைக்கு மேல் இன்னொரு வெள்ளிக்கிழமையாகச் சந்தனம் காய்ந்து சுவர் மாதிரி இருந்தது. அடியில் ஊசி நுழைகிற ஓட்டை. பன்னிரண்டு பெண்களைத் தெருவில் நிறுத்தியது நான்தான். என் சொந்தக் கை. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். மஞ்சள் தூள் உதிர்ந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டையில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"இன்னா இருந்துச்சு?" என்று டீயோடு வந்தார்.

"அழுக்கு."

"மஞ்சளாவா?"

"ரோட்டுத் தூசிய்யா. டீயக் குடி."

வந்ததற்கு அக்காவையும் பார்த்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு திரும்பினோம். நிற்கவில்லை.

திங்கட்கிழமை சேலையூர் வந்தது. பின்னால் பேச்சு நின்றுபோனது. சேலையூர் போனது. தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் கை சாவிக்குப் போனது.

"ஆஃப் பண்ணாத" என்றேன். "ஓடட்டும். நிக்கறதா இருந்தா என் கண்ணு முன்னாடி நிக்கட்டும்."

ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் போனது. கேட் திறக்கவில்லை. பின்னாலேயே ஒரு கூட்ஸ். பெட்டிகளை எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு இருமல் கேட்டது. பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள். இருமியது வேன் இல்லை, அவர்.

"யோவ், இரும வேற நேரம் கெடைக்கலியா உனக்கு!"

கேட் திறந்தது. கம்பெனிக்குப் போனபோது வாட்ச்மேன் கதவில் கை வைத்திருந்தார். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி உள்ளே நுழைந்தார்கள். கடைசியாகப் போன மூத்தவள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அண்ணா, சாயங்காலம் நீயே வா! பஸ்ஸு வோணாம்!" அன்றைக்கு ஓசியில் வாட்ச்மேனுக்கு நாலு இட்லி வைத்தேன். அவருக்குக் காரணம் தெரியாது.

சாயங்காலம் காயலான் கடைக்காரர் வந்து வேனை ஒரு சுற்றுச் சுற்றினார். வீட்டுக்காரர் உள்ளே போய், காலியான எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதான் கீது, எடுத்துனு போ. வண்டி குடுக்கல."

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டின்னோடு போனார். நான் வேனைப் பார்த்துக் கை கூப்பி நின்றேன்.

"ஏம்மே" என்றார் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமலே. "வர வெள்ளிக்கெழம பொட்ட பம்பர்ல வை."

"ஏன்? மூடிக்கு இன்னா?"

"மஞ்சத் தூசி எந்த ரோட்லமே கீது?"

என் நகத்தைப் பார்த்தேன். சந்தனம் இன்னும் போகவில்லை.