பூட்டுக்காரரும் தங்கையின் ரத்தமும்

பூட்டுக்காரர் லேசில் யாரையும் நம்பமாட்டார். மாற்றுச் சாவி கேட்டு வருபவரிடம், "இது உங்க வீட்டுச் சாவிதானா?" என்று குடைந்த பிறகுதான் அரத்தைக் கையில் எடுப்பார். மனைவி சிரித்துக்கொண்டே டீ கொடுத்தால், இன்றைக்கு என்ன விண்ணப்பமோ என்று யோசிப்பார்.

அப்பாவின் வீட்டைப் பிரித்ததில் தங்கையோடு பல வருஷமாகப் பேச்சில்லை. ஒரு மத்தியானம் அவள் கடை வாசலில் வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். கையெல்லாம் கன்றிப்போன நீலத் தடங்கள்.

"அடிச்சானா உன் புருஷன்?"

"ஐயோ, இல்லண்ணா. தானாவே வருது. எலும்புக்குள்ள மஜ்ஜை வத்திப்போச்சாம், ரத்தமே ஊறலையாம். கூடப் பிறந்தவங்க மஜ்ஜை சேர்ந்தா பிழைச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். இரக்கப்பட வைத்து தன் பங்குக்கு வந்த மாடி அறையை எழுதி வாங்கும் திட்டமோ என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். தங்கை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ரத்தப் பை தொங்கியது. நேரே போய்ப் பரிசோதனைக்குக் கையை நீட்டினார்.

பொருந்திவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மார்தட்டிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களோடது வேண்டாம்" என்றார்.

"யாரு தடுக்கறா? அவ புருஷனா?"

"கையைக் கொஞ்சம் மேசைமேல வைங்க. இந்த நகம் ஏன் இப்படி?"

"அரம் பிடிச்சுத் தேஞ்சது."

"உங்க தங்கச்சி அரம் பிடிக்கிறதில்லையே. அவங்க நகமும் இப்படித்தான் இருக்கு. தலை எப்ப நரைச்சது?"

"இருபது வயசுலயே."

"ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறு. பரம்பரையா வர்றது, ரொம்ப அபூர்வம். உங்க ரத்தமும் குறைய ஆரம்பிச்சிருக்கு. உங்க மஜ்ஜையைக் குடுத்தா நோயையும் சேர்த்துக் குடுத்த மாதிரி. அப்பா எப்படி இறந்தார்?"

அப்பா சின்ன வயதிலேயே வெளுத்து, ஈறில் ரத்தம் கசிந்து செத்தார். தொழில் கூட்டாளி எதையோ கலந்து கொடுத்துவிட்டார் என்று அன்றே முடிவு கட்டிய பூட்டுக்காரர், இன்றுவரை அந்த மனிதரைத் தெருவில் கண்டால் காறித் துப்புவார்.

அன்று சாயங்காலமே அந்தக் கூட்டாளியின் வீட்டுக்குப் போனார். கிழவர் சங்கிலியை எடுக்காமல் கதவை இரண்டு விரல் அகலம் திறந்தார்.

"எதுக்கு வந்தே? கையில என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா. அப்பாவுக்கு நோய்தான் இருந்திருக்கு. நான்தான் உங்களைத் தப்பா..."

கிழவர் நம்பினாரோ இல்லையோ, கதவு அதற்கு மேல் திறக்கவில்லை. "கேட்டுக்கிட்டேன், போ" என்றார்.

தங்கைக்கு முகம் தெரியாத யாரோ மஜ்ஜை கொடுத்தார்கள். தேற மாதங்கள் பிடித்தன. இப்போது பூட்டுக்காரரும் தவறாமல் ரத்தம் சோதிக்கப் போகிறார், கூட அவள்தான் வருகிறாள்.

"முன்னப்பின்ன தெரியாதவன் சும்மாவா குடுத்திருப்பான்?" என்று ஒருநாள் ஆரம்பித்தார்.

"அண்ணா, சட்டைக் கையை மடக்கு. நர்ஸ் காத்திட்டிருக்காங்க" என்றாள் அவள்.