யாக்கோபு மாமாவின் பதினோரு கோள்கள்

யாக்கோபு மாமா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருப்பாலைவனத்தில் எங்கள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தேன். செய்தி கொண்டுவந்தவர் ஒல்லாந்தர் கச்சேரியின் சேவகர். செத்துப்போனதைச் சொன்ன மூச்சிலேயே அடுத்ததையும் சொன்னார். “எங்க பொதைக்கறதுனு யாருக்கும் புரியல. நீங்க வந்தாத்தான் ஆவும்.” முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பழவேற்காட்டுக்கு வண்டி பூட்டினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாக்கோபு அவர்கள் என் அக்கா பொன்னம்மாளின் கணவர். பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்தவர். தாயார் ஏரிக்கரைக் குப்பமான தோணிரேவின் மீனவப் பெண். தகப்பனார் கோட்டையில் பீரங்கி சுட்ட ஒல்லாந்துச் சிப்பாய் என்றும், மதில் கட்டிய கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கமாகியிருக்கிறார் என்றும் தாயார் சொன்னதுண்டு. தாயார் சொன்னதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த மதிலுக்குள், தகப்பனார் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பதுதான் மாமாவின் வாழ்நாள் ஆசை. கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டி என்னிடம் சிரிப்பார். “இவங்களுக்கே இங்க எடம் கீது மச்சான், எனக்கு இல்லாம பூடுமா?”

இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். அவரிடம் நல்லது இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆங்கிலேயர் கோட்டையை இடித்துப்போட்டு, பிறகு ஊரை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்த சமயம் அது. திரும்பி வந்த கப்பல் ஒன்றின் மாலுமி காய்ச்சலில் விழுந்தார். கச்சேரியில் இருந்தவர்கள் தொற்றுக்குப் பயந்து ஒதுங்கினார்கள். மாமா அவரைத் தன் வீட்டில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்தார். மாலுமி பிழைக்கவில்லை. தன் தொலைநோக்கியையும் ஒரு வானநூல் புத்தகத்தையும் மாமாவுக்கு விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து மாமாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நமக்குக் கிரகம் ஒன்பது, அதில் சூரியன், சந்திரன், ராகு, கேது எல்லாம் சேர்த்தி. அந்தப் புத்தகத்திலோ பூமியையும் சேர்த்துக் கோள்கள் பதினொன்று. சாப்பாட்டு இலையில் உப்பு வைப்பதற்கு முன்பே அக்காவிடம் பதினொன்றையும் ஒப்பிப்பார்.

“செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல பெரிய காலி எடம் கீது மச்சான். அங்க ஒரு கோள் இருந்தே ஆவணும்னு சொல்லிக்கினு இருந்தாங்க. தேடினா ஒண்ணுக்கு நாலு ஆப்டுச்சு. சீரஸ், பல்லாஸ், யூனோ, வெஸ்டா. அத்தனையும் பொடிசு” என்றார் ஒருநாள், தானே பெற்ற பிள்ளைகளைச் சொல்வதுபோல.

அந்தப் பொடிசுகளைக் கண்டுபிடிப்பது லேசில்லை. தொலைநோக்கியிலும் மற்ற விண்மீன்களைப் போலவே வெறும் புள்ளியாகத்தான் தெரியும். அது நகர்கிறதா என்று நாள்கணக்காகப் பார்த்துத்தான் கோள் என்று அறிய முடியும். இதற்கு மாமா செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பழைய வலை ஒன்றை இரண்டு கழிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, தொலைநோக்கியில் கண்ட ஒவ்வொரு விண்மீனுக்கும் அதே இடத்துக் கண்ணியில் வெள்ளை நூலால் முடிச்சுப் போடச் சொன்னார். அடுத்தடுத்த மாலைகளில் மறுபடி பார்ப்பார். எந்த முடிச்சு பொருந்தாமல் விலகுகிறதோ அதுதான் சீரஸ். அதற்கு மட்டும் சிவப்பு நூல். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஏரிக்கரையில் நின்று, முடிச்சுப் போட்டுக்கொடுத்தவர் ஏழுமலை.

ஏழுமலை மாமாவுக்குத் தோணி தள்ளுபவர், மாமாவின் வயதுதான் இருக்கும். கைக்குழந்தையாக, உடைந்த கப்பலின் பலகையோடு கரையொதுங்கியவர். பிள்ளையில்லாத ஒரு தோணிரேவுக்காரி எடுத்து வளர்த்தாள். அந்த ஊர்ப் பெண் குப்பம்மாளையே கட்டியிருந்தார்.

ஒரு பெரிய கோள் எப்போதோ உடைந்து, அதன் சில்லுகள்தான் இந்த நான்கும் என்று வெளிநாட்டில் ஒருவர் சொல்வதாக மாமா ஒரு மாலை விளக்கினார். ஏழுமலை முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

“சில்லா இருந்தா இன்னாங்க? அதுவும் சூரியனத்தான சுத்துது?”

“அப்டி சொல்லு! சுத்தறதெல்லாம் கோளு. சின்னதுனு யாராவது தள்ள முடியுமா?” என்று அவர் முதுகில் தட்டினார் மாமா. அந்த மனிதரை நான் மிகவும் நேசித்தேன்.

பிறகு கச்சேரிக்குப் புதிய துரை வந்தார். படித்தவர். துபாஷியிடம் தொலைநோக்கி இருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு மாலை கரைக்கு வந்தார். வியாழனைப் பார்த்தார், வட்டமாகத் தெரிந்தது, பக்கத்தில் நிலாக்களும் தெரிந்தன, தலையசைத்தார். மாமா பெருமையோடு சீரஸைக் காட்டினார். துரை பார்த்தார், கண்ணை எடுத்தார், வாய்விட்டுச் சிரித்தார். இதையா கோள் என்கிறாய் என்று கேட்டார். வட்டமாகத் தெரியாத ஒன்று என்ன கோள்? ஒரே பாட்டையில் நான்கு சுற்றினால் ஒன்றுக்காவது தனி வழி உண்டா? ராசிச் சக்கரத்தின் எல்லையை விட்டு ஏறியும் இறங்கியும் ஓடுகிறதே! வால் இருந்தாலாவது வால்வெள்ளியில் சேர்க்கலாம், அதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பெரிய வானநூலார் இவற்றைக் கோள்களின் பந்தியிலிருந்து எழுப்பித் தனிப் பந்தி போட்டுவிட்டார் என்றார் துரை. இதையெல்லாம் பக்கத்தில் நின்ற எனக்கு வரிக்கு வரி தமிழில் சொன்ன மாமாவும் துரையோடு சேர்ந்து சிரித்தார். துரை அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை பட்டதுதான் தாமதம்.

மறுநாள் முதல் மாமாவுக்குக் கோள்கள் ஏழுதான். மற்ற நான்கும் “சிறுகோள்”. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பழவேற்காட்டையே வகைபிரிக்க ஆரம்பித்துவிட்டார். துரை வியாழன். குடித்துவிட்டுத் தெருவில் விழும் கச்சேரிச் சேவகர் எரிகல். எப்போதாவது தூசி கிளப்பிக்கொண்டு வண்டியில் வந்து போகும் நான் வால்வெள்ளி. அக்காவை நிலா என்றார். தனக்கென்று பாதை இல்லாமல் இன்னொன்றைச் சுற்றுவதாம். “சுத்தறதும் நானு, சோறு வடிக்கறதும் நானு” என்றாள் அக்கா. தான் எந்த வகை என்று மாமா சொன்னதே இல்லை. நாங்களும் மரியாதைக்காகக் கேட்கவில்லை.

ஏழுமலையிடம் முடிச்சுப் போடச் சொல்வதும் நின்றது. வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

தோணிரேவில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் பங்கு பிரித்து, யார் எந்த இடத்தில் எப்போது வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பாடு உரிமையுள்ள பாட்டுக்காரக் குடும்பத்து ஆண்களின் சீட்டு மட்டும்தான் பானைக்குள் விழும். பாடு இல்லாதவர் ஏரியில் வலை போட முடியாது. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போக வேண்டியதுதான். ஏழுமலையை வளர்த்தவள் இருந்தவரை அவள் கணவரின் பாடு ஏழுமலை பேரில் நடந்தது. அவள் இறந்ததும் சிலர் கிளப்பிவிட்டார்கள், இவன் யார் பெற்ற பிள்ளை என்று. ஊருக்குள் இரண்டு கட்சியாகி, படித்தவர், நடுநிலையானவர், தாய்வழியில் சொந்தக்காரர் என்று மாமாவிடமே நியாயம் கேட்க வந்தார்கள். ஏழுமலைக்குப் பாடு உண்டு என்றுதான் அவர் சொல்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், நான் அங்கேதான் இருந்தேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“வானத்துல இருக்கற ஞாயந்தான் பூமிலயும். தனக்குனு வழி இருக்கறதுதான் கோளு. அடுத்தவன் வழில கூடவே ஓடினா அது கோளாயிடாது. இவனுக்கு நைனா வழி இன்னா? யாருக்குனா தெரியுமா? நைனா வழி இந்த ஊர்ல இல்லாதவனுக்குப் பாடு இல்ல.”

“மாமா, ஆளு வேற, கோளு வேற” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

குப்பம்மாள் முன்னால் வந்தாள். “ஐயா, உங்களுக்கு மட்டும் இந்த ஊர்ல நைனா வழி கீதா?”

“எனக்கு இந்த ஊர் எதுக்கும்மா? என் எடம் அங்க மதிலுக்குள்ள கீது” என்றார் மாமா. சிலர் கைகொட்டினார்கள். அவர் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் மறக்க மாட்டேன்.

ஏழுமலை கடலுக்குப் போகத் தொடங்கினார். ஏரியில் பழகிய சின்னத் தோணி அது, முகத்துவாரத்து அலைக்குத் தாங்காது. வாடைக் காற்று வலுத்த பருவத்தில் ஒரு விடியலில் தோணி கவிழ்ந்தது. உடல் தெற்கே கரையொதுங்கியது. தோணிரேவின் இடுகாடு பாட்டுக்காரக் குடும்பங்களுக்கு உரியது. பாடு இல்லை என்று ஆன பிறகு அங்கேயும் இடமில்லை என்றுவிட்டார்கள். இடுகாட்டுக்கும் ஒல்லாந்தர் கல்லறை மதிலுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மணல்மேடு இருக்கிறது. ஊர் பேர் தெரியாமல் ஒதுங்கும் பிணங்களுக்கான இடம். அங்கே புதைத்தார்கள். செய்தியை அக்கா அழுதுகொண்டே சொன்னபோது மாமா தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “காத்து அடிச்சா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். துடைத்து முடித்து, வழக்கம்போலக் கரைக்குப் போனார். அக்கா அதற்குப் பிறகு அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

இந்த மழைக்காலத்தின் கடைசியில் மாமாவைக் காய்ச்சல் பிடித்தது. பார்க்கப் போயிருந்தேன். மாலுமிக்கு அவர் கொடுத்ததுபோல அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மதிலுக்குள்ள, மச்சான். மறந்துடாத” என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதனால்தான் செய்தி கிடைத்த அன்று நேராகத் துரையிடம் போனேன். துபாஷி இல்லாமல் துரையிடம் பேசுவது அன்றுதான் முதல்முறை. துபாஷியோ வீட்டில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

“யாக்கோபு நல்ல ஆள். மெத்த நல்ல ஆள். உள்ளே இல்லை.”

அவர் தகப்பனார் உள்ளே இருக்கிறார் என்றேன்.

“யார் சாட்சி?”

இத்தனை வருஷம் உங்களுக்காக உழைத்தாரே என்றேன்.

“சேவகம் வேறே. இடம் வேறே.” தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். அந்தத் தமிழை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமா. உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

தோணிரேவுக்குப் போனேன். ஊர்ப் பெரியவர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “தப்பா நெனைக்காதீங்க. அவரு சொன்ன ஞாயந்தான். நைனா வழி இங்க இருக்கணும்னாரு. அவரு நைனா வழி இங்க இல்லியே. அம்மா வழினு உட்டா, அன்னிக்கு வளத்தவ வழினு அவனுக்கும் உட்டிருக்கணும் இல்ல?” பின்னால் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. எனக்கே சிரிப்பு வரும்போல இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஆக, மணல்மேட்டுக்குத்தான் கொண்டுபோனோம். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் இடுகாடு, நடுவில் காலி இடம். வெட்டுகிறவர்கள் ஏழுமலை கிடந்த இடத்திலிருந்து தள்ளிக் குழி எடுக்கத் தொடங்கினார்கள். அப்போது கூப்பிடாமலே குப்பம்மாள் வந்தாள். காறித் துப்பப்போகிறாள் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவள் துப்பவில்லை. மண்வெட்டிக்காரரிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

“இன்னாத்துக்கு அவ்ளோ தள்ளி? கிட்ட எடு. என் ஊட்டுக்காரு பக்கத்துலயே எடு. ரெண்டு பேரும் ஒரே வழில கெடக்கட்டும். அப்பால அவரையே சொல்லச் சொல்லு, இதுல யாரு கோளுனு.”

அக்கா மறுக்கவில்லை. மண்வெட்டிக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இடத்தை மாற்றினார்.

அந்த மேட்டில் நரித் தொல்லை உண்டு. புதுக் குழியைத் தோண்டாமலிருக்க மேலே ஏதாவது வலை விரித்து, ஓரத்தில் முளை அடிப்பார்கள். அக்கா வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து அந்த வலையை எடுத்துவந்தாள். வெள்ளை முடிச்சுகள் அழுக்கேறியிருந்தன. ஏழுமலை வரிசையாகப் போட்ட சிவப்பு முடிச்சுகளில் மட்டும் சீரஸ் நகர்ந்து நகர்ந்து போன தடம் தெரிந்தது. பெரிய வலை. அக்கா ஒரு முனையையும் குப்பம்மாள் மறுமுனையையும் பிடித்து விரித்தபோது இரண்டு குழிமேட்டுக்கும் சேர்த்துப் போதுமானதாக இருந்தது.

எல்லாரும் போன பிறகு நான் கொஞ்ச நேரம் நின்றேன். மாமா, உங்களை மதிலுக்குள் கொண்டுபோக என்னால் முடியவில்லை. சுற்றுவதெல்லாம் கோள் என்று ஏழுமலையின் முதுகில் தட்டிய யாக்கோபு மாமாவுக்காகத்தான் அன்று அழுதேன், அவரைத்தான் கும்பிட்டு வழியனுப்பினேன். ஏழுமலைக்குப் பாடு இல்லை என்ற அந்த இன்னொரு யாக்கோபு, வலைக்கு அடியில் வைத்த இடத்திலேயே கிடக்கட்டும்.