உம்மா தேடிய சொல்

போன் இருக்கும் அறையில் உம்மா முக்காட்டை எடுப்பதில்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாத நேரத்திலும், ஓடு கொதிக்கும் மத்தியானத்திலும் அப்படித்தான். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாலும் நம்பமாட்டார். அதை வேறு அறையில் போட்டுக் கதவைச் சாத்தினால்தான் தலையைத் திறந்து காற்று வாங்குவார்.

நான் உயர்தரம் படித்த காலத்தில் தொடங்கியது இது. எங்கள் பெண்கள் பாடசாலைக்கு யாரோ நன்கொடையாகக் கையடக்க டெப் கணினிகள் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் படிப்பதற்கு மட்டும். பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாங்கிவந்த அன்றே அதன் மூலை முடுக்கெல்லாம் நோண்டிப் பார்த்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க அதற்குள் ஒரு மென்பொருள் போட்டிருப்பதாகக் கூட்டத்தில் சொன்னார்கள். அதுவும் எங்களுக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

"கேமராக்குள்ளால சேர் பாக்காராம். பல்லு விளக்கிட்டுப் படிங்க கா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

வாப்பா அப்போது கத்தாரில். எங்கள் வீட்டில் இருந்த பழைய போன் பாதிக் கதையில் அணைந்து போகும். அதனால் உம்மாவும் டெப்பில்தான் வாப்பாவுடன் கதைப்பார். முதல் நாளே கேட்டார்.

"இதில நாம பாக்கிறத ஆரும் பாப்பாங்களா மகள்?"

"பாடம் படிக்கிறமா எண்டுதான் பாப்பாங்க உம்மா. மத்ததெல்லாம் ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

கூட்டத்தில் சொன்னதை நான் அப்படித்தான் விளங்கியிருந்தேன்.

சில மாதம் போனது. ஒரு நாள் இரண்டாம் பாடத்தில் என்னைப் பிரதி அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவரோடு கொம்பியூட்டர் டீச்சரும் ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான டீச்சரும் இருந்தார்கள்.

"புள்ள, டெப்பப் பாடத்துக்குத்தான் தந்தம். நீ என்னத்தத் தேடியிரிக்காய்?"

"என்னத்த சேர்?"

அவர் அதை வாயால் சொல்லவில்லை. மடிக்கணினியைக் கொம்பியூட்டர் டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சர் குரலை இறக்கி, "மார்பு எண்ட சொல்லத் திரும்பத் திரும்பத் தேடியிரிக்கி மகள். சிவப்பில காட்டுது," என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் மூளை ஓடத் தொடங்கிவிட்டது.

"எத்தின மணிக்கி டீச்சர்?"

"செவ்வாக்கிழம, பத்தர."

"செவ்வாக்கிழம பத்தரைக்கி நான் கெமிஸ்ட்ரி லெப்பில நிண்டன். வரவு இடாப்பப் பாருங்க. டெப் வீட்டில இருந்திச்சி."

விவாதப் போட்டியில் எதிரணியின் வாயை அடைத்ததுபோல இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷம் அடுத்த கேள்வி வரும் வரைதான்.

"அப்ப வீட்டில ஆரு இருந்த?"

"உம்மா."

"வாப்பா வெளிநாடு என்ன?"

"ஓம் சேர்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒழுக்காற்று டீச்சர்தான் கேட்டார். "வேற ஆரும் வந்து போறயா? ஆம்பிளையள்?"

நான் எதைத் திறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. புருஷன் கடல் கடந்து இருக்கும் பெண்ணைப் பற்றி எங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வி எழுந்தால், அது பதிலுக்குக் காத்திருக்காது.

உம்மாவுக்கு அழைப்புப் போனது. ஆட்டோவில் வந்து இறங்கினார். அபாயாவின் ஒரு கையில் மாவு ஒட்டியிருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அப்படியே ஓடிவந்திருக்கிறார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி," என்று தொடங்கினார் பிரதி அதிபர். "அவர் வெளிநாட்டில இரிக்கக்குள்ள வீட்டுக்கு ஆரும் வந்து போனா, அது புள்ளைட படிப்புக்கும் கூடாது, பேருக்கும் கூடாது."

உம்மா கேட்டுக்கொண்டு நின்றார். டீச்சர் அந்தச் சொல்லையும் கிழமையையும் நேரத்தையும் சொன்னார். உம்மா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒருத்தரும் வாறல்ல சேர். நான்தான் தேடின. என்ட மார்பில ஒரு கட்டி இரிக்கி. நோவில்லாத கட்டி கூடாதா எண்டு பாத்த."

பிரதி அதிபர், அடிக்காத மணிக்கு எழுந்தவர்போல எழுந்து வெளியே போனார்.

உம்மாவின் உடம்பில் கட்டி இருப்பது எனக்கு அந்த அறையில்தான் தெரிந்தது. ஒரே பாயில் படுக்கிறவள் நான். எனக்கு முன்பே ஒரு மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு விளங்கியதோ ஒரே ஒரு சொல், அதுவும் அசிங்கமாக.

"ஏங்கா, ஆருக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் கொம்பியூட்டர் டீச்சர்.

"சொன்னா அவர் வந்திருவாரு டீச்சர். வீட்டுக்கு இன்னும் பிளேட் போடல்ல."

எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாது. எங்கள் வளவின் பின்பக்கம் எனக்காக எழும்பிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சுவர் முடிந்து, மேலே கொங்கிரீட் பிளேட் போடவேண்டிய நேரம் அது. அதுவரைக்கும் கட்டியை மறைப்பது என்று உம்மா முடிவெடுத்திருந்தார். அவர் கேட்டது டெப்பிடம் மட்டும்தான்.

கொம்பியூட்டர் டீச்சர் நல்லவர். கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போனார். ஆனால் அந்த அறையில் இருந்த கதை அந்த அறையில் இருக்கவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குள் தோடம்பழப் பைகளோடு பெண்கள் வரத் தொடங்கினார்கள். விசாரிக்கும்போது அவர்களுடைய கண் உம்மாவின் முகத்தில் நிற்காது, கொஞ்சம் கீழே இறங்கித் திரும்ப ஏறும். பிறகு வாப்பா அழைப்பு எடுத்தார். அவருடைய கேம்பில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னாராம்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரிக்கி. எனக்கு மட்டும்தான் தெரியாமப் போயித்து என்ன?"

உம்மா டெப்பை என் கையில் தந்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அதை அவர் தொடவில்லை.

வாப்பா வேலையை விட்டு வந்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள், கெட்டது இல்லை என்று முடிவு வந்தது. வாப்பா இப்போது ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறார். பின்வளவு வீடு அப்படியே நிற்கிறது. கம்பிகள் மேலே நீட்டியபடி துரு ஏறுகின்றன. கடல் காற்று அடிக்கும் நாட்களில் கதவில்லாத அந்த அறைகளுக்குள் யாரோ குசுகுசுப்பதுபோல ஒரு சத்தம் வரும்.

உயர்தரம் முடித்து டெப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று, உம்மா தேடியவற்றையெல்லாம் அழித்துவிடும்படி டீச்சரிடம் கேட்டேன்.

"அது எங்கட கையில இல்ல மகள். கொம்பனிட கொம்பியூட்டர்ல இரிக்கி." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "உம்மா கடைசியாத் தேடினத நீ பாத்தயா?"

"இல்ல டீச்சர்."

"நல்லம். கேக்கவும் வேணாம்."

அது என்னவாக இருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு சாதாரணச் சொல்லைத் தேடப் போனாலும், தட்டுவதற்கு முன் விரல் நிற்கிறது. எனக்கு முன்னால் யாரோ அதை வாசித்துக்கொண்டிருப்பதுபோல.

போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். அஸர் தொழுதுவிட்டு உம்மா பாயை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கை மற்றப் பக்கத்து அக்குளுக்குக் கீழே போய் நின்றது. என்னைக் கண்டதும் இறங்கிவிட்டது.

போனை நீட்டினேன்.

"உம்மா, என்னவும் பாக்கணும் எண்டா இதில பாருங்க. இது என்ட போன். ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"அண்டைக்கும் இதத்தான் சொன்ன நீ," என்றார் உம்மா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு அவரே சொன்னார். "அதக் கொண்டுபோய் வெளியில வெச்சிட்டு வா."

குசினிக்குப் போய் அரிசிப் பானைக்குள் போனை வைத்து மூடினேன். திரும்பி வந்து கதவைச் சாத்தினேன். உம்மா முக்காட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அப்போதும் குரலை இறக்கித்தான் சொன்னார்.

இவ்வளவையும் எழுத உம்மா சம்மதித்தார். அன்று பின்னேரம் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.

விடிந்ததும், போனைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு பேரும் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினோம்.