ஒரு திருகு குறைந்த பெட்டி

எழுபதுகளில் எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் சிறிய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைச் செய்துகொடுக்கும் கம்பெனி. ஆள் உயர இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பள்ளங்கள்; ஒவ்வொன்றிலும் மின்சுற்று அடங்கிய ஒரு யூனிட்டைச் செருகி, மேலும் கீழும் திருகு போட்டு இறுக்க வேண்டும். மாம்பலத்தில் ரயிலேறி இடிபட்டு வருகிறவளுக்கு அந்தச் சட்டத்தின் முன்னால் நிற்பதே நிம்மதி. அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

இரண்டு திருகையும் முதலில் விரலால் பிடிக்க வைத்து, பிறகு மாற்றி மாற்றி இறுக்குவேன். மேல் திருகை மட்டும் ஒரேயடியாக முடுக்கினால் யூனிட் சாய்ந்துவிடும், பின்னால் ஊசிகள் பொருந்தாது. கடைசியில் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு. அது அசையாமல் நிற்கும்போது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போது நான் தற்காலிக ஆள். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எங்கள் ஃபோர்மன் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. வேலை போனால் அம்மா கையோடு கல்யாணப் பேச்சை எடுப்பாள்.

அன்று நான் முடித்துக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சுப் பெட்டியை வாங்க வந்த அதிகாரி பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் ஃபோர்மனின் முழங்கை பட்டு, நான் திருகுகள் வைத்திருந்த பவுடர் டப்பா மூடி கவிழ்ந்தது. இருவருமாகப் பொறுக்கினோம். கடைசி யூனிட்டுக்கு வந்தபோது மூடியில் ஒரே ஒரு திருகுதான் இருந்தது.

"இன்னாம்மா முழிச்சிக்கினு கீறே? வேற ஒண்ணு போட்டுட்டு சுவிட்சைப் போடு," என்றார் ஃபோர்மன்.

"வேற கீது சார். காணாம போனது எங்க பூந்துச்சுன்னு தெரியணுமே. உள்ளாற கம்பி மேல கெடந்தா, சுவிட்ச் போட்டதும் புகைஞ்சிடும்."

"அவரு உக்காந்துகினு கீறாரும்மா!"

"உக்காரட்டும் சார்."

என் வாய்தான் எனக்குச் சத்துரு. ஆனாலும் இறுக்கிய யூனிட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உதறினேன். டார்ச் அடித்துச் சட்டத்தின் அடிவரை பார்த்தேன். இல்லை. ஃபோர்மன் முகம் கடுகடுவென்று இருந்தது. வேலை போயிற்று என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் திரும்பச் செருகினேன்.

ஃபோர்மன் ஷூ கயிற்றைக் கட்ட ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைத்தார். பேண்ட்டின் மடித்த கீழ்விளிம்பிலிருந்து என்னவோ 'டிங்' என்று விழுந்து உருண்டது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே குனிந்து திருகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடைசி யூனிட்டுக்கு அதையே போட்டு இறுக்கினேன். நான் இழுப்பதற்குள் அவர் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இது எங்கியும் போவாது," என்றார். அதிகாரியைக் கூப்பிடக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"நீயும்தாம்மா."