பெயர்ப்பலகையில் படித்த கிரேக்கம்

மேனாம்பேட்டில் என் வீட்டு மாடியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வேலைக்கு வருமுன் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு கோடையில், பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த பெண் ஒருத்தி வந்தாள். பதினொன்றில் ஆங்கிலவழி உயிரியல் பிரிவு கேட்டிருந்தாள். பள்ளி திறக்கும்முன் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் புரிந்து விளக்கினால் இடம் தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய நேரமில்லை. உயிரியல் சொற்களுக்கு அடியில் இருக்கும் லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைக் கொடுத்தேன். நீளமான சொல்லை வால்பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பது எங்கள் முறை. பயிற்சி, ஆவடி போகும் பேருந்தில். கார்டியாலஜி, நெஃப்ராலஜி என்று சாலையோரக் கிளினிக் பலகைகள் வந்துகொண்டே இருக்கும். பலகை பின்னால் போவதற்குள் பொருள் சொல்ல வேண்டும். ‘ஆர்த்தோடான்டிக்ஸ்’ என்பதை “நேர் பல்லு” என்று பிரித்தாள். கூட வந்த தோழி, “அப்ப நீ எறங்கிக்கோடி, உன்னுது கோணலா கீது” என்றாள்.

ஆயத்த ஆடை கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாணவியின் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. “இன்னா சார், இங்கிலீஷே தடுமாறிகினு கீது. இதுல கிரீக்கு வேறயா?” நியாயமான கேள்வி.

தேர்வு நாளில் அவள் அம்மாவும் நானும் தலைமையாசிரியை அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். தலைமையாசிரியை புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தில் இருந்ததிலேயே நீளமான சொல்லைத் தொட்டார்: குளோமெருலோநெஃப்ரைடிஸ்.

அவள் சொல்லின் முன்பாதியை விரலால் மறைத்தாள்.

“கடைசில இருந்து வரேன் மிஸ். ஐடிஸ்னா அழற்சி. நெஃப்ரோ, சிறுநீரகம்.” விரலை எடுத்தாள். மறைந்திருந்த பாதியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “இது கிளாமருலஸ் மிஸ். ரத்த நுண்நாளங்களோட முடிச்சு. ஒம்பதாவதுல படம் போட்டிருக்கேன். அங்க அழற்சி.”

தமிழில் படித்த பாடம் அவளிடம் முழுதாக இருந்தது. ஆங்கிலப் பெயர் மட்டும்தான் குறுக்கே நின்றிருந்தது. தலைமையாசிரியை பக்கங்களைப் புரட்டி மேலும் கேட்டார். பெரும்பாலானவற்றைப் பிரித்துச் சொன்னாள். சிலவற்றைத் தெரியாது என்றாள். அவர் புத்தகத்தை மூடி அவள் கையிலேயே கொடுத்தார்.

“இங்கிலீஷ் மீடியம் பசங்களே இத மனப்பாடமாத்தான் சொல்லுவாங்க. திங்கக்கிழமை கிளாஸ்ல உக்காரு.”

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா கணவருக்குப் போன் போட்டார். குரல் பள்ளி வாசல்வரை கேட்டிருக்கும்.

“உன் பொண்ணு உள்ள பூந்துட்டா. ஆமா, இங்கிலீஷு மீடியம். வரும்போது பிரியாணி வாங்கிகினு வா.”